டேப் வெளியே வந்தால் கூலி

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தனியாளாகக் கிச்சன் டிசைன் செய்துகொடுக்கிறேன். "சும்மா ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போம்மா" என்று கூப்பிடுவார்கள். போய் அளவெடுத்து, யோசனை சொல்லி, படமும் போட்டுக்கொடுத்தால் அப்புறம் போனையே எடுப்பதில்லை. போன மாதம் பலிட்டோவில் ஒரு வீட்டில், நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே என் படத்தை போனில் பிடித்து, வேறு தச்சரை வைத்து அப்படியே செய்துவிட்டார்கள். முதல் சந்திப்புக்குக் காசு கேட்கலாமா? கேட்டால் வருகிறவர்களும் ஓடிவிடுவார்களோ?

பதில்: கேட்கலாம் தங்கச்சி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் எதற்குக் கேட்கிறாய் என்பது முதலில் உனக்குப் புரியவேண்டும்.

போனில் கால் மணி நேரம் பேசுவது இலவசமாகவே இருக்கட்டும். வீடு எங்கே, எப்போதைக்கு வேண்டும், எவ்வளவு செலவழிக்க நினைத்திருக்கிறார்கள், இதையெல்லாம் அதிலேயே கேட்டுவிடு. அந்தப் பேச்சு அவர்களுக்கு மட்டுமில்லை, இந்த ஆளோடு ஒத்துப்போகுமா என்று நீ பார்த்துக்கொள்ளவும்தான். பட்ஜெட் கேட்டதும் "நீங்க வந்து பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று மழுப்புகிறவர் வீட்டுக்கு நீ பெட்ரோல் போட்டுக்கொண்டு போகவேண்டியதில்லை.

டேப்பை வெளியே எடுத்துவிட்டால் கதை வேறு. சிங்க் எங்கே, அடுப்பு எங்கே, ஃப்ரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யோசிக்க ஆரம்பித்ததுமே வேலை தொடங்கிவிட்டது. உன் தொழிலில் பாதி அறிவு அந்த ஒரு மணி நேரத்தில்தான் செலவாகிறது, பலகை அறுப்பதை யாரும் செய்துவிடலாம். நானும் பட்டவள்தான். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக்கொடுத்த காலத்தில் "மாதிரிக்கு நாலு பக்கம்" என்று ஒருவர் கேட்டார், இரவெல்லாம் உட்கார்ந்து செய்துகொடுத்தேன், மீதி வேலை வரவேயில்லை, அந்த நாலு பக்கத்தின் வடிவத்திலேயே முழுப் புத்தகமும் வெளிவந்தது!

அதனால் ஒரு தொகை வை. பலிட்டோ போக வர பெட்ரோல், டோங்காட் டோல், உன் அரை நாள் எல்லாம் சேர்த்து 800 ராண்ட் என்று வைத்துக்கொள். வேலையை உன்னிடமே கொடுத்தால் அதைப் பில்லில் கழித்துக்கொள்வேன் என்று சொல், பாதிப் பேருக்கு முகச்சுளிப்பு அங்கேயே போய்விடும். பெயரையும் கவனி. "ஆலோசனைக் கட்டணம்" என்றால் பேசுவதற்கே காசா என்பார்கள், "அளவெடுத்துப் படம் போடும் கட்டணம்" என்றால் கைக்கு என்ன வரும் என்பது தெரிகிறது. காசு வரும்வரை படம் உன் பையிலேயே இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி, அவர்கள் "சரி" என்று அனுப்பிய பிறகு கிளம்பு. ரிப்பேர் வேலைக்கு எஸ்டிமேட் போடக் காசு வாங்குவதானால், தொகையை முதலில் சொல்லி வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பிறகே வாங்கலாம் என்று இங்குள்ள 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உன்னுடையது ரிப்பேர் இல்லைதான், இருந்தாலும் அந்த முறையில் போனால் வாசலில் நின்று வாக்குவாதம் செய்யவேண்டியிராது. அப்புறம், அந்த 800ம் வருமானம்தான். ரசீது போடு, போன தூரத்தை லாக்புக்கில் எழுது, ஆகஸ்ட் கடைசியில் வரித்துறையான சார்ஸுக்கு முன்வரி கட்டும்போது தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஆட்கள் குறைவார்களா? குறைவார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டிசம்பர் நடுவில் கட்டட வேலையெல்லாம் மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் தீபாவளிக்குள் புதுக் கிச்சன் வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அந்தச் சமயத்தில் சும்மா பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் விலகிப்போனால் உனக்கு லாபமே.

சொந்தக்காரர்கள் விஷயம்தான் சிக்கல். அத்தை கூப்பிட்டால் போ, காசு கேட்காதே, வடையும் சாப்பிட்டு வா. டேப்பை மட்டும் காரிலேயே விட்டுவிட்டுப் போ.