வைத்தியர் பதில்கள்: கிழமைக்கு ஒருக்கா போடும் குளிசை

இம்முறை வந்த கடிதங்களில் பல, உடம்பு தன்னைத்தானே தாக்கும் நோய்களைப் பற்றியவை. ஒன்றுக்கொன்று சொந்தக்கார நோய்கள் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐயா, எனக்கு 36 வயது. கச்சான் செய்கிறோம். ஆறு மாதமாகக் காலையில் எழும்பினால் விரல் மடக்க ஏலாது. ஒரு மணித்தியாலம் போனால்தான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கலாம். கிளினிக்கில் றூமற்றொயிட் மூட்டுவாதம் என்று சொல்லி, கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போட மெதோட்ரெக்சேட் தந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா அது புற்றுநோய் மருந்து என்கிறா. மாமி, பின்னேரத்தில் தலைமுழுகினதால் வந்த வாதம் என்கிறா. இவர், 2009 யுத்தத்தில் சுவாசித்த புகைதான் காரணம் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, விசுவமடு

அக்காவுக்கு அரை மார்க். மாமிக்குப் பூச்சியம், ஆனால் அதை அவவிடம் போய்ச் சொல்லவேண்டாம். உங்கள் அவருக்கு நான் மார்க் போடுவதற்கு முன் கொஞ்சம் விளக்கவேண்டும்.

கிருமியோடு சண்டை பிடிக்கும் வெண்குழியங்களில் ஒரு வகை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்கிறது. சொந்த உடம்பின் மேலேயே பாயக்கூடியவற்றை அந்தச் சுரப்பி அங்கேயே அழித்துவிடும். சில தப்பி வெளியே வரும். உங்களுக்கும் எனக்கும் இந்தக் கடிதத்தை அச்சடிக்கிறவருக்கும் அப்படித் தப்பியவை இருக்கின்றன. அவற்றை அடக்கி வைக்க வேறொரு வகை வெண்குழியம் உண்டு. அதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சிக்கும், அதன் பின்னால் உள்ள மரபணுவைக் கண்டறிந்த அமெரிக்கர்கள் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும்தான் 2025 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த அடக்குமுறை தளர்ந்தால், இரவு வயற்காவலில் இருக்கிறவன் பன்றி என்று நினைத்து வீட்டு மாட்டுக்கே வெடி வைத்த கதைதான்.

ஏன் தளர்கிறது? ஒரே காரணம் என்று எதையும் காட்ட ஏலாது. பரம்பரை ஒரு பங்கு, ஆனால் முழுப் பங்கு இல்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு உங்கள் நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றில் ஏறத்தாழ 15 சோடிகளில்தான். சிகரெட், பீடிப் புகை நிச்சயமான காரணி. கல் உடைக்கும் இடத்துத் தூசியும் அப்படியே. முரசு வருத்தத்துக்கும் தொடர்பு உண்டு. புகை படும் சுவாசப்பையிலும் புண்பட்ட முரசிலும் சில புரதங்கள் உருமாறுகின்றன. உடம்பு அவற்றை அந்நியமென்று எண்ணி, எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. முதல் மூட்டு நோகத் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இவை இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் 'போன மாதம் என்ன செய்தேன், என்ன சாப்பிட்டேன்' என்று தேடிக் களைக்கவேண்டாம்.

இனி, அவர் சொன்னது. சிரித்துத் தள்ளமாட்டேன். புகையோடு அந்த யுத்தத்தின் அதிர்ச்சியையும் சேர்த்துப் பார்ப்போம். 2018 இல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வில், பேரதிர்ச்சியாலும் கடும் மனவழுத்தத்தாலும் நோயுற்ற ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களிடையே இவ்வகை நோய்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வந்தன. நாங்கள் பட்டதற்கு அது பொருந்தாது என்று யார் சொல்லமுடியும்? ஆனால் உங்கள் விரலைப் பிடித்து 'இது அதனால்தான்' என்று எந்த வைத்தியரும் சாதிக்க ஏலாது. எதனால் வந்திருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்.

அந்த வைத்தியத்தில் முதல் மருந்துதான் நீங்கள் பயப்படும் குளிசை. ஆம், புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள், அங்கே அளவு பன்மடங்கு. உங்களுக்குக் கிழமைக்கு 7.5 முதல் 25 மில்லிகிராமுக்குள்தான் இருக்கும். நோவைக் கொல்லும் குளிசை அல்ல இது. மூட்டின் உட்சவ்வு வீங்கி எலும்பை அரிப்பதைத் தடுக்கிறது. முழுப்பலன் தெரிய 6 முதல் 12 கிழமை செல்லும். அதற்குள் 'கேட்கவில்லை' என்று தைலக்காரரிடம் ஓடாதீர்கள். விரல் கோணிய பிறகு எந்த மருந்தும் நிமிர்த்தாது.

இதை மட்டும் அடிக்கோடிட்டு வாசியுங்கள்: கிழமைக்கு ஒரு நாள். தவறுதலாகத் தினமும் போட்டால் எலும்பு மச்சை செயலிழந்து உயிரே போகலாம், போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் என்றால் வெள்ளி என்று வையுங்கள், வேதக்காரர் என்றால் ஞாயிறு. கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் அந்த நாளைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 2.5 மில்லிகிராம் குளிசையும் உண்டு, 10 உம் உண்டு. பாமசி மாறினால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். போலிக் அமிலக் குளிசை வேறொரு நாளில். சொன்ன தவணைக்கு இரத்தம் கொடுத்து ஈரலையும் குருதிக்கல எண்ணிக்கையையும் பார்க்கவேண்டும். சலக்கடுப்புக்கென்று எங்காவது கோட்ரைமொக்சசோல் என்ற கிருமிகொல்லி மருந்தை எழுதினால், 'நான் மெதோட்ரெக்சேட் போடுகிறேன்' என்று வாய்திறந்து சொல்லுங்கள், இரண்டும் சேரக்கூடாது. இந்த மருந்தோடு கருத்தரிக்கவும் கூடாது. பிள்ளை வேண்டுமென்றால் முதலில் கிளினிக்கில் கதையுங்கள். சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

என் தங்கச்சிக்கு 23 வயது. முகத்தில் சிவப்பு, தலைமுடி கொட்டுதல், காய்ச்சல் என்று தொடங்கி லூபஸ் (உடம்பு தன் தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை போட்டு முகம் ஊதிவிட்டது. ஆவணியில் கலியாணம். அதுவரை குளிசையை நிறுத்தி, முடிந்தபின் தொடங்கலாமா? மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவேண்டுமா?
— அண்ணன் ஒருவர், முல்லைத்தீவு

நிறுத்தவேண்டாம், தம்பி. சில கிழமைகளுக்கு மேல் பிரெட்னிசொலோன் போட்டால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். திடீரென்று விட்டால் பிரஷர் இறங்கி, சத்தி எடுத்து, மயங்கி விழுவா. மணவறைக்கு வீங்கிய முகத்தோடு போகலாம், சேலைனோடு போக ஏலாது. அளவைப் படிப்படியாகக் குறைக்க முகமும் வற்றும்.

அதற்காகத்தான் சொல்கிறேன், கலியாணத் திகதியை முதலில் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டெரொயிட்டைக் குறைக்க வேறு மருந்து சேர்ப்பார். அந்த மருந்துகளுக்குள்ளும் மைக்கோபீனோலேற் கருவைப் பாதிக்கும், அசதியோபிறின் பரவாயில்லை. நோய் ஆறு மாதமாவது அடங்கி இருந்தபின் பிள்ளைக்கு யோசிப்பது நல்லது. ஹைட்ரொக்சிக்குளோரோகுயினும் தந்திருப்பார்கள். வன்னியில் மூத்தவர்களுக்கு அதன் பழைய சொந்தத்தைத் தெரியும், மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கிய கசப்புக் குளிசையின் தம்பி அது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, குளிசை மட்டும் வேறு வேலை பார்க்கிறது. அதைக் கர்ப்பத்திலும் விடக்கூடாது. வருடக்கணக்கில் போடுவதால் கண் பரிசோதனை வேண்டும்.

கடற்கரை வெயில் இந்த நோய்க்குப் பகை. கருவாடு காயப்போடுவதை வேறு யாராவது பார்க்கட்டும். சலம் நுரைத்தால், கால் வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்தில் சிறுநீரகம் என்றதும் கிணற்றுத் தண்ணீரைக் குறைசொல்லிப் பேசாமல் இருந்துவிடுவார்கள். இளம் பெண்ணுக்கு லூபஸும் சிறுநீரகத்தைத் தின்னும், நேரத்தோடு பிடித்தால் காப்பாற்றலாம்.

மாப்பிள்ளைக்குச் சொல்லவேண்டும். அவரது வீட்டாருக்கு முன், அவருக்கு. கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் ஒளித்துவைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

தைரொயிட் சுரப்பியை உடம்பே அழிக்கிறதாம். நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் லேகியம் ஒன்று விற்கிறார்கள், வாங்கலாமா?
— வாசகி, வவுனியா

கூடிப்போனதையா இன்னும் கூட்டப்போகிறீர்கள்? காசை வைத்துக்கொள்ளுங்கள். தைரொக்சினை வெறுவயிற்றில் போட்டு அரை மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடித்தால் போதும். இதையே மூட்டுக்காரருக்கும் சொல்கிறேன்: பெயரில்லாத உருண்டை இரண்டு நாளில் நோவைப் பறக்கவைத்தால், அதற்குள் ஸ்டெரொயிட் அரைத்துப் போட்டிருக்கலாம்.

மகனுக்கு 9 வயது, இன்சுலின் போடும் சலரோகம். ஊசி தொடங்கி இரண்டு மாதத்தில் பரியாரியாரின் கசாயமும் கொடுத்தோம், இப்போது சீனி குறைந்து ஊசியின் அளவும் பாதியாகிவிட்டது. ஊசியை விடலாமா?
— தாய் ஒருவர், மாங்குளம்

விட்டால் சில நாட்களில் பிள்ளையை இழப்பீர்கள். மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை உடம்பே அழித்ததால் வந்த நோய் இது. ஊசி தொடங்கியதும், மிஞ்சியிருக்கும் கலங்கள் கொஞ்சம் ஓய்வெடுத்துச் சில மாதங்கள் வேலை செய்யும். கசாயம் குடிக்காத பிள்ளைக்கும் இப்படி நடக்கும். பிறகு அவையும் போய்விடும். அளவைக் கிளினிக்கில் கேட்டுக் குறையுங்கள், நிறுத்தவேண்டாம். பிரிட்ஜ் இல்லாவிட்டால், தண்ணீர் தெளித்த மண் பானைக்குள் நிழலில் வைத்துப் பாவியுங்கள்.

சிக்குன்குனியா வந்து மூன்று மாதமாகியும் கணுக்காலும் விரலும் நோகிறது. இதுவும் அந்த வாதமா?
— வாசகர், பரந்தன்

பெரும்பாலும் இல்லை. 2006 இன் கடைசியில் அந்தக் காய்ச்சல் இங்கே பரவியபோதும் மாதக்கணக்கில் நொண்டியவர்கள் ஏராளம், அநேகருக்கு அது தானாகவே தணிந்தது. காலை விறைப்பும் மூட்டு வீக்கமும் குறையாமல் நீடித்தால் ஆன்டி சி.சி.பி. என்ற இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அதுவரை பரசிற்றமோல் போதும், நாளுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் வேண்டாம்.