முள்சீத்தா பூத்துக் கொட்டுகிறது, காய் நிற்கவில்லை என்றால்

உரத்தைக் கூட்டாதீர்கள். நான்கு வருட மரம், இலை பளபளவென்று இருக்கிறது, பூ மட்டும் உதிர்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். ஒரே பூவில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதி) முதலில் தயாராகிவிடும், மகரந்தம் அப்புறம்தான் கொட்டும். அதைச் சுமக்க வேண்டிய சின்ன வண்டுகள் பக்கத்தில் இல்லாவிட்டால் பூ வீண்தான்.

விடியற்காலையில் ஒரு பூவின் தடித்த இதழை மெல்ல விலக்கிப் பாருங்கள். நடுவில் உள்ள மேடு, அதாவது சூல்முடிகள் இருக்கும் இடம், ஈரமாகப் பிசுபிசுத்தால் அது ஏற்கும் நிலையில் இருக்கிறது. இன்னொரு பூவைத் தட்டினால் அரிசிநொய் மாதிரி கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் ஆண் பகுதிகள்) உதிர்கிறதா? அதைக் காகிதத்தில் பிடித்து, மெல்லிய தூரிகையால் முதல் பூவின் மேட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடவுங்கள். ஒரு பக்கம் விட்டுப்போனால் காய் அங்கே சூம்பி, கோணலாக வளரும் (கடையில் பார்க்கும் கோணல் பழங்களில் பலவற்றின் கதை இதுதான்).

பத்துப் பூவில் செய்து, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பூ இருந்த இடத்தில் பிடிக்கும் பச்சைக் குமிழ் போன்ற பிஞ்சு வாரக்கணக்கில் அப்படியே நின்றாலும் பிடுங்கிவிடாதீர்கள், தாமதமாகவும் பருக்கும்.

இன்னொன்று, நுனிக்கிளைப் பூக்களை விட்டுவிடுங்கள். பழம் இரண்டு மூன்று கிலோகூட வரும், கிளை தாங்காது. அடிமரம், தடித்த கிளை போதும்.

பழுத்தபின் விதையை முழுக்க எடுத்துவிட்டுத்தான் மிக்ஸியில் போட வேண்டும், விதை நஞ்சு.