வாயுள்ள ஜீவன்கள்

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் படுத்திருந்த தெருநாய் மேல் செக்யூரிட்டி ஒருவர் வெந்நீர் ஊற்றிவிட்டார். வாயில்லா ஜீவனை இப்படி வதைத்தால் பெங்களூரில் என்ன தண்டனை? கர்நாடகாவுக்கென்று தனிச் சட்டம் உண்டா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, இந்திரா நகர்

பதில்: வாயில்லா ஜீவனா? நாய்க்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் எங்கள் தெருவில் ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்க மாட்டார். இரண்டு மணிக்கு இங்கே ஒன்று ஆரம்பிக்கும். அடுத்த தெரு பதில் சொல்லும். அதற்கு மறுப்பு இங்கிருந்து போகும். விடியும்வரை பட்டிமன்றம்தான், நடுவர் மட்டும் கிடையாது.

நிஜமான வாயில்லா ஜீவன் யார் தெரியுமா? இருபது வருடம் இந்த ஊரில் குடியிருந்தும் ‘எஷ்டு’ (எவ்வளவு), ‘பேடா’ (வேண்டாம்) இரண்டைத் தாண்டிக் கன்னடம் வராமல், மீட்டர் போடாத ஆட்டோக்காரர் முன்னால் விழிக்கிறாரே நம் ஆள், அவர். அசோசியேஷன் கூட்டத்தில் மெயின்டனன்ஸ் கட்டணத்தை ஏற்றும்போது கடைசி நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்த அடியேன். அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் திறக்க வேண்டியவர், 2009 வரை பதினெட்டு வருடம் முகம் மூடிக் காத்திருந்த சிலை வள்ளுவர்.

முன்பொரு தடவை இதே பக்கத்தில் யாரையோ ‘வாயில்லாப் பூச்சி’ என்று எழுதிவிட்டேன். ஜெயநகர் வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், படம் போட்டு மூன்று கடிதம் அனுப்பினார். கடிக்கும் வாய், உறிஞ்சும் வாய், நக்கும் வாய் என்று வகை பிரித்து, ‘ஆசிரியருக்கு இருப்பது இதில் எதுவுமில்லை’ என்று முடித்திருந்தார். நாலாவது கடிதத்தில் சந்தாவை நிறுத்தினார். என்னைக் கண்டிக்கும் கடிதங்களை மட்டும் நிறுத்தவில்லை. கடையில் நின்றபடி ஓசியில் படிக்கிறார் என்பது என் ஊகம். ஐயா, அந்தக் கடையிலேயே இதையும் படியுங்கள்: பட்டுப்புழு வளர்ந்து அந்துப்பூச்சியானபின் எதையும் தின்பதில்லை, அதன் வாய் எதற்கும் உதவாது. வாயில்லாப் பூச்சி உண்டு. ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தை உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான், போய் விசாரியுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். உங்கள் செக்யூரிட்டி மேல் முதலில் பாய்வது மத்திய சட்டம்: விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. அடிப்பது, உதைப்பது, சித்திரவதை செய்வது, வளர்க்கும் பிராணியைப் பட்டினி போடுவது எல்லாம் அதன் 11-ஆம் பிரிவில் குற்றம். தண்டனை? முதல் தடவை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடியும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அச்சுப்பிழை இல்லை. இன்றைக்குப் பத்து ரூபாய் என்பது, நின்றபடி சாப்பிடும் நம் தர்ஷினி ஓட்டலில் ஒரு காபியை இருவர் பங்கிடும் பை-டூ சொன்னால், உங்கள் பங்குக்குப் போதினால் அதிர்ஷ்டம். 2025-இல் நம் மாநகராட்சி தெருநாய்களுக்குக் கோழிச்சோறு போடப்போவதாக அறிவித்ததே, அதில் ஒரு நாய்க்கு ஒரு வேளைக்குப் போட்ட கணக்கு 22 ரூபாய் சொச்சம். நாய்க்குச் சோறு போட 22, நாயை வதைக்கப் பத்து. சிக்கன விரும்பிகள் எந்தப் பக்கம் சாய்வார்கள்?

ருக்மிணி தேவி அருண்டேலைக் குறை சொல்லாதீர்கள். ஐம்பதுகளில் மாநிலங்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அந்த அம்மாள். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார். 1960-இல் அந்த ஐம்பது ரூபாய் பணம். அப்புறம் அறுபது வருடத்துக்கு மேலாக அந்த நோட்டை யாரும் மாற்றவில்லை.

மாநிலத்தால் முடியாதா என்றால், முடியும். விலங்கு வதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. நம் கர்நாடகா 2017-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தவும் செய்தது, கம்பளா எருமைப் பந்தயத்துக்காக. அதே வருடம் தமிழ்நாடு ஜல்லிக்கட்டுக்காக, மகாராஷ்டிரா மாட்டுவண்டிப் பந்தயத்துக்காக. மூன்றும் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (ஜல்லிக்கட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருக்கும் கல்லைக் கீழே போடுங்கள்.) புத்தகத்தைத் திறந்து, பேனாவையும் எடுத்தவர்கள், அந்தப் பத்து ரூபாயைத் தொடாமல் மூடிவைத்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தனிச் சட்டமும் உண்டு, பசுவுக்கு. 2020-ஆம் வருடத்துக் கர்நாடகச் சட்டப்படி அதைக் கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை, 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை அபராதம். அதே பசுவைக் காலையில் கறந்துவிட்டு, குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் தின்னட்டும் என்று தெருவில் விட்டால்? தீனி போடாத குற்றம், பழைய பத்து ரூபாய். செத்தால் லட்சம், உயிரோடு அவதிப்பட்டால் பை-டூ காபி.

உங்கள் வழக்குக்கு ஒரு வழி இருக்கிறது. வெந்நீரில் நாயின் கண் போயிருந்தாலோ, கால் முடமாகியிருந்தாலோ புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். ஐந்து வருடம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் விலை பத்து ரூபாயா, ஐம்பது ரூபாயா என்று பார்ப்பார்கள். 2024 ஜூலையில் அந்த விலைப்பட்டியல் போய்விட்டது. கால்நடை மருத்துவரின் சான்றிதழ், சிசிடிவி பதிவு இரண்டையும் கையோடு எடுத்துப்போங்கள். பதிவு அழியுமுன் கேட்டு வாங்குங்கள், அசோசியேஷன் செயலாளர்கள் என்னும் இனத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் செக்யூரிட்டியின் வக்கீல் காதுக்குப் போக வேண்டாம். 1960 சட்டப்படி ‘விலங்கு’ என்றால் மனிதன் தவிர எந்த உயிரும். அப்படியானால் பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் புழுவும் சேர்த்தி. பட்டு நூலெடுக்க அதன் மேல் நம் மாநிலத்தில் தினமும் விழுவது வெந்நீர்தான். இதை நேற்று வீட்டில் சொன்னேன். பீரோவைச் சாத்திவிட்டு, “அடுத்த கேள்விக்குப் போங்க” என்றாள் மனைவி.