அனுபவம் இல்லாமல் மெக்கானிக்கல் வேலை
ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்கு, அதாவது நிறுவனத்திலேயே வேலை பழகும் பயிற்சிக்குப் போங்கள் தம்பி. "மெக்கானிக்கல் படித்தும் யாரும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை, எல்லா கம்பெனியும் அனுபவம் கேட்கிறது" என்கிறீர்கள். அந்த அனுபவமே இதுதான். மத்திய அரசின் நேட்ஸ் (NATS, தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதியுங்கள். நம்ம மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமே பட்டதாரி அப்ரண்டிஸ் எடுத்திருக்கிறது.

அப்புறம், நீங்கள் போட்டிருக்கும் ரெஸ்யூமில் ப்ராஜெக்ட் என்ற இடத்தில் வெறும் தலைப்புதான் இருக்கிறது. கூப்பிடாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நாலு பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்டில் உங்கள் கைவேலை எது? "ஷாஃப்டை லேத்தில் கடைந்தது நான், அளவு 0.05 மி.மீ.க்குள் நின்றது" என்பதுபோல, செய்ததை மட்டும் எழுதுங்கள். அதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிடம் தடுமாறாமல் வந்தால் சரி.

ஒன்று மட்டும்: பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆகவேண்டும் என்று 1961 அப்ரண்டிஸ் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் பயிற்சியின் எட்டாவது மாதமே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்கு விசாரிக்க ஆரம்பித்துவிடுங்கள்.