துணி சுற்றிய வாக்கர்

கேள்வி: என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பாடத்திட்டத்தை மாற்றிச் சமூக சேவையையும் ஒரு பாடமாக வைத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் முதியோர் இல்லத்துக்குப் போய் வாக்கர் பழுது பார்க்கிறாள். வேலைத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரம் இது. வீட்டில் என் மாமனாரின் வாக்கரில் ஒரு கால் ஆடுகிறது, துணி சுற்றி வைத்திருக்கிறோம். அதைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தவளை அதட்டி எழுப்பிவிட்டேன். கல்லூரியில் போய்ச் சண்டை போடலாமா?

பதில்: போடலாம் அம்மா. முதலில் அந்தத் துணிக்கு வருவோம். எத்தனை மாதமாகச் சுற்றியிருக்கிறது? பெரியவர் விழுந்தால் யார் தூக்குவது? ஒரு பொத்தானும் ஸ்பிரிங்கும் சம்பந்தப்பட்ட வேலை. அதைச் செய்யத் தெரிந்த பிள்ளை வீட்டிலேயே இருக்கிறாள், நீங்கள் எழுப்பி அனுப்பிவிட்டீர்கள்! மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. துணியை ஒப்புக்கொண்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

சேவை வேறு, படிப்பு வேறு என்று நினைக்கிறீர்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995லேயே ‘எபிக்ஸ்’ என்று இதைப் பாடமாக்கினார்கள். முதலாண்டு மாணவரும் கடைசியாண்டு மாணவரும் ஒரே அணியில் இருப்பார்கள். பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பொருளைச் செய்வார்கள். ஒரு பருவத்தில் முடியாவிட்டால் அடுத்த பருவமும் தொடரும். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘பிளேபம்ப்’ இருக்கிறது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று ஆப்பிரிக்கக் கிராமங்களில் வைத்தார்கள். குழந்தைகள் விளையாடிவிட்டுப் போனார்கள். அந்தக் கனமான ராட்டினத்தைப் பெண்கள் கையால் தள்ள வேண்டியதாயிற்று. எந்தத் தேர்வுப் புத்தகத்திலும் அந்தப் பெண்களின் முதுகுவலி இருக்காது.

சரி, கல்லூரிக்கும் போங்கள். போய் இதைக் கேளுங்கள்: இந்த வேலை வேண்டும் என்று முதியோர் இல்லம் சொன்னதா, நீங்களாகத் தீர்மானித்தீர்களா? இவள் படிப்பு முடித்துப் போனபின் அந்த வாக்கர்களை யார் பார்ப்பார்கள்? மதிப்பெண் கொடுப்பது, போய் வந்த மணி நேரத்துக்கா, கற்றுக்கொண்டதற்கா? படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற கூத்து என்றால் தாராளமாகச் சண்டை போடுங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

வேலைத் தேர்வுக்குப் படிக்கத்தான் வேண்டும், அதற்கு வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. உங்கள் மகளிடமும் எனக்கு ஒரு கோபம் உண்டு. அம்மா ஒரு அதட்டு போட்டதும் எழுந்துவிடுவதா? ஊர்ப் பெரியவர்களுக்கு ஞாயிறு தவறாமல் போகிறவள், சொந்தத் தாத்தாவுக்காக ஐந்து நிமிஷம் அடம் பிடித்திருக்க வேண்டாமா? வீட்டுப் பெரியவர்தான் முதலில், அப்புறம்தான் மற்றவர்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இன்று அவள் வந்ததும் வாக்கரை நீங்களே எடுத்துக் கொடுங்கள். மாமனாரை வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, கைப்பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அவள் அளக்கும்போது பெரியவரை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.