ஐந்தாறு கேள்விதான் தகராறு: காசிமேட்டு அம்மாவுக்கு

அம்மா, பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, "நீட்டில் 540 வரணும், மெஷின் பதிஞ்ச விடைப்படி 515தான் வருது" என்றே சொல்கிறான் என்று போனில் அழுதீர்கள். அவனை அதட்டாதீர்கள். அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். நீட் ரிசல்ட் வரவில்லை, ஆன்சர் கீ, அதாவது சரியான விடைகளின் பட்டியல் மட்டும்தானே வந்திருக்கிறது? கேள்வி கேட்க வேண்டிய நேரமே இதுதான்.

கணக்கைப் பாருங்கள். சரியென்றால் 4, தவறென்றால் 1 கழியும். ஒரு கேள்வி புரண்டால் 5 மார்க் போகும். 25 மார்க் என்றால் ஐந்தாறு கேள்விதான். கேள்வித்தாளில் அவன் டிக் அடித்ததையும், மெஷின் பதிவு செய்த விடையையும் ஸ்கேல் வைத்து வரிவரியாக ஒப்பிட்டால் அவை கிடைத்துவிடும். அப்புறம் அந்த ஐந்தாறை மட்டும் ஓஎம்ஆர் படத்தில், அதாவது அவன் வட்டங்களைக் கறுப்பாக்கிய விடைத்தாளின் படத்தில், பெரிதாக்கிப் பாருங்கள். போன வருஷம் தண்டையார்பேட்டைப் பெண் ஒருத்தி மூன்று கேள்விக்குச் சண்டை போட்டாள். இரண்டில் டிக் ஒன்று, கறுப்பாக்கிய வட்டம் வேறு. மூன்றாவதில் வட்டத்துக்குள் ஒரு புள்ளிதான் இருந்தது. அவளே பார்த்ததும் அமைதியாகிவிட்டாள். வட்டம் முழுக்கக் கறுப்பாக இருந்தும் பதிவில் வேறு விடை இருந்தால், யோசிக்காமல் ஆட்சேபம் போடுங்கள்.

ஆன்சர் கீயே தவறு என்பது வேறு விஷயம். ஒரு கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது. என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தில் பக்கத்தைக் காட்ட முடிந்தால் மட்டும் கட்டுங்கள், அதுவும் இப்போதைய பதிப்பாக இருக்கட்டும். 2024 நீட்டில் அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு, பழைய பதிப்பில் வேறு மாதிரி இருந்தது என்று இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஐஐடி டெல்லியின் மூன்று நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள். மற்ற விடையைப் போட்டவர்களுக்கு 5 மார்க் குறைந்து, ரேங்க் பட்டியலே மாறியது.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். 2025-இல் ஜூன் 5-ஆம் தேதியோடு முடிந்தது. பிளஸ் டூ மாதிரி ரிசல்ட்டுக்குப் பிறகு மறுகூட்டல், மறுமதிப்பீடு எதுவும் நீட்டில் கிடையாது. அதனால் ஓஎம்ஆர் படத்தையும் பதிவான விடைகளையும் இன்று ராத்திரியே டவுன்லோடு செய்து வையுங்கள். நாளை காலை கேள்வித்தாளோடு இரண்டு பேரும் வாருங்கள், மூவருமாக உட்கார்ந்து பார்ப்போம். தம்பி சாப்பிட்டுவிட்டு வரட்டும்.