மொரிஸ் மைனரின் முன்சக்கரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1958 மொரிஸ் மைனர் கார் வைத்திருக்கிறேன். டோ-இன் எவ்வளவு? வீட்டிலேயே வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். அளவு 3/32 அங்குலம், அதாவது 2.4 மி.மீ. அச்சு உயரத்தில் அளந்தால், இரண்டு ரிம்முக்கும் இடையே முன்பக்கத் தூரம் பின்பக்கத்தைவிட அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதற்காக முன்கூட்டியே விடும் இடம்தான் இது.

சமதளத்தில் நிறுத்தி, டயரில் காற்றைச் சரிபாருங்கள். ஒரு ரீப்பர் கட்டையின் இரு முனையிலும் கம்பியை நெட்டுக்குத்தாக அடித்தால் அளவுகோல் தயார். எஞ்சினுக்கு அடியில் நுழைத்துப் பின்பக்கமும் அளக்கலாம். ரிம் விளிம்பில் சாக்பீஸால் குறியிட்டு முன்னால் அளவெடுங்கள். பிறகு வண்டியை அரைச் சுற்று முன்னோக்கித் தள்ளி, அதே குறிகளைப் பின்னால் அளந்து பாருங்கள். ரிம் லேசாக நெளிந்திருந்தாலும் கணக்கு தப்பாது. பின்னோக்கித் தள்ளிவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான், ஏனென்றால் மூட்டுகளில் உள்ள ஆட்டம் திசை மாறிவிடும்.

ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி, எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். ஸ்டியரிங் ராக்கிலிருந்து (ஸ்டியரிங்கைச் சுற்றினால் இடவலமாக நகரும் பல்சட்டம்) இரு சக்கரங்களுக்கும் போகும் கம்பிகள்தான் டை ராடு; இரண்டின் லாக் நட்டையும் தளர்த்தி, இரண்டையும் ஒரே அளவு திருப்புங்கள். மைனரில் ஸ்டியரிங் ராக் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், ராடு நீண்டால் டோ-இன் கூடும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

ரேடியல் டயர் போட்டிருந்தால் 1.5 மி.மீ. போதும் என்பது என் பழக்கம்.

கேள்வி: கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் கேம்பர் சிவப்பில் காட்டுகிறது, சரிசெய்ய முடியாது என்கிறார்கள்.

பதில்: கடைக்காரர் சொல்வது சரிதான். மைனரில் கேம்பருக்கும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) காஸ்டருக்கும் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் தண்டு முன்பின் சாய்ந்திருக்கும் அளவு) திருப்பும் இடமே கிடையாது. அளவு மாறியிருந்தால் ஏதோ தேய்ந்திருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. இந்த வண்டியில் ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் ஆர்ம்; அதன் தண்டு தேய்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே வெளியே ஆடும். ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் அசந்து ஒரு பக்கம் தாழ்ந்தாலும் கேம்பர் மாறும்.

அதைவிட முக்கியமானது கீழ் ட்ரனியன். சக்கரம் திரும்பும் தண்டு, மேல்முனையிலும் கீழ்முனையிலும் ட்ரனியன் என்ற மரை போட்ட மூட்டில் சுழல்கிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்துபோனால், ஒருநாள் கழன்று சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். எனக்கே நடந்தது, வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது. டொம் என்ற சத்தத்தோடு மட்கார்டு டயர்மேல் உட்கார்ந்தது. பிரித்தபோது மரை வழுவழுவென்று இருந்தது. நெடுஞ்சாலையில் ஆகியிருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அலைன்மென்ட் அப்புறம்.

கேள்வி: டயர் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது. காற்று சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: உள்ளங்கையை டயர்மேல் வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே. வெளியே வரும்போது மட்டும் ரம்பம்போல் உறுத்தினால் டோ-இன் அதிகம். எதிர்ப்பக்கம் உறுத்தினால் சக்கரம் வெளிப்பக்கம் விரிந்திருக்கிறது.

கேள்வி: 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. அலைன்மென்டா?

பதில்: பெரும்பாலும் வீல் பேலன்ஸ். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: பிரேக் அடித்தால் மட்டும் இடப்பக்கம் இழுக்கிறது.

பதில்: டோ-இன்னைத் தொடாதீர்கள். முன் டிரம் பிரேக் இரண்டும் ஒரே அளவில் பிடிக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். அப்புறமும் இழுத்தால், கீழ் ஆர்மிலிருந்து முன்னால் போகும் டை பாரின் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். அது நைந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னால் நகர்ந்து காஸ்டர் மாறும். விலை குறைந்த சாமான்தான். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.